கிளிநொச்சி வெக்கையில் ஐ9-14900கே சரிவருமா?

ஏசி இல்லாத அறையில் கேம் விளையாட கணினிக்கு இன்டெல் ஐ9-14900கே ப்ராசஸர் (கணினியின் மூளையான சிப்) எடுக்கலாமா, ரைசன் 7 9800எக்ஸ்3டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேம்தான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரைசன்.

14900கேயில் 24 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். காகிதத்தில் பயங்கரம்தான். ஆனால் முழு வேலை கொடுத்தால் 253 வாட் வரை இழுக்கும். சிப்பின் சூடு 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரிவியூக்காரர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில்தான் சோதிப்பார்கள். காண்டாவன வெயிலில் நம் அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறைச்சூடு 10 பாகை கூடினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். ஆகவே முழு வேலை கொடுக்கும்போது அங்கே வந்த ஸ்கோர் இங்கே வராமல் போகலாம்.

9800எக்ஸ்3டியில் 8 கோர்தான். ஆனால் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், இருக்கிறது. கேம் திரும்பத் திரும்பக் கேட்கும் தரவு பெரும்பாலும் ரேம் வரை போகாமல் பக்கத்திலேயே கிடைத்துவிடும். வாட்டும் குறைவு என்பதால் கரண்ட் போனால் யூபிஎஸ் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

வீடியோ ரெண்டரிங்தான் பிழைப்பு என்றால் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டியைப் பாருங்கள். அப்புறம், பாவித்த 14900கே மலிவாக வந்தால் கவனம். தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய் சிப் பழுதாகும் கோளாறு இதில் இருப்பது 2024இல் தெரியவந்தது. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் அந்தப் பழுது வராமல் தடுக்கும்; ஏற்கெனவே பழுதான சிப்பைத் திருத்தாது.