இலவச ஆட்டக்காரர்களின் கோபம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றுக்கு உங்களிடம் தீர்ப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நானும் என் தம்பியும் ஒரே எம்எம்ஓ விளையாட்டை, அதாவது ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் விளையாட்டை, ஆடுகிறோம். நான் பல வருடங்களாகச் சந்தா கட்டுகிறேன். அவன் விளையாட்டு இலவசமான பிறகு வந்தவன், ஒரு காசு செலவழித்ததில்லை. ஆனால் குறை சொல்வது முழுக்க அவன்தான். கையிருப்புக்கு ஏன் உச்சவரம்பு, பொது அரட்டையில் ஏன் பேச முடியவில்லை, வாரத்துக்கு இத்தனை ஆட்டம்தான் என்று ஏன் கணக்கு! அவனைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்தால், நிறுவனம் ஏதோ அவர்கள் வீட்டில் கொள்ளையடித்த மாதிரி இருக்கிறது. 'தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்று கேட்டேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. காசு கொடுக்காதவர்களுக்குப் புகார் சொல்ல என்ன உரிமை? ஒன்று காசைக் கட்டு, இல்லையென்றால் விட்டுவிடு என்று நான் சொன்னது தப்பா?

அன்புடன்,
சந்தா கட்டும் ஓர் அண்ணன்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வர் ஓடுவதற்குப் பணம் வேண்டும். நிரல் எழுதுகிறவர், படம் வரைகிறவர், குரல் கொடுக்கிறவர் எல்லாருக்கும் சம்பளம் வேண்டும். அது உங்களைப் போன்றவர்கள் கட்டும் சந்தாவிலிருந்துதான் பெரும்பாலும் போகிறது. இலவசமாக ஆடுகிறவர்களுக்கும் இது தெரியும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2011இல் ஸ்டார்டர் எடிஷன் என்று இலவசப் பதிப்பு ஒன்று வந்தது. இருபதாவது லெவலோடு நின்றுவிடும். ஏலக்கடைக்குப் போக முடியாது, கில்ட் என்ற ஆட்டக்காரர் சங்கத்தில் சேர முடியாது, பொது அரட்டையில் பேச முடியாது. அதற்காகப் பெரிய கலவரம் எதுவும் எழவில்லை. ருசி பார்க்கக் கொடுத்தது, பிடித்தால் வாங்கிக்கொள் என்பது வாசலிலேயே தெளிவாக இருந்தது.

ஆகவே எல்லை என்று ஒன்று இருப்பதே உங்கள் தம்பிக்குப் பிடிக்கவில்லை என்று நீங்கள் நினைத்தால் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்வேன். எதில் எல்லை போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது.

நீங்கள் ஆடும் விளையாட்டு எது என்று எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2011 டிசம்பர் 20 அன்று வெளியானது. பயோவேர் உருவாக்கியது, இஏ வெளியிட்டது. சில வாரங்களிலேயே 17 லட்சம் சந்தாதாரர்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த மே மாதம் அது 13 லட்சம். ஜூனில் ஆள் குறைந்த சர்வர்களிலிருந்து ஆட்டக்காரர்களை வேறு சர்வர்களுக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆகஸ்ட் பிறப்பதற்குள் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே. 2012 நவம்பர் 15 அன்று விளையாட்டு இலவசமானது.

இதில் தானம் எங்கே இருக்கிறது? ஆள் இல்லாமல் ஓர் எம்எம்ஓ நடக்காது. அந்த விளையாட்டில் வார்ஸோன் என்ற போட்டிக்கு ஒரு பக்கம் எட்டுப் பேர், எதிர்ப்பக்கம் எட்டுப் பேர் வேண்டும். பதினாறு பேர் சேரும்வரை சந்தா கட்டினவரும் காத்திருக்கத்தான் வேண்டும். சந்தையில் நீங்கள் விற்கும் பொருளை வாங்க ஆள் வேண்டும். நகரத்தில் நடந்தால் நாலு பேர் எதிரே வர வேண்டும். கடினமான எதிரியை வீழ்த்த நாலாவது ஆள் கிடைக்காமல் மூன்று பேர் வெறுமனே நின்ற மாலைகள் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாலாவது ஆள்தான் உங்கள் தம்பி. அவர் பணம் தரவில்லை, நேரத்தைத் தருகிறார். உங்கள் சந்தாவுக்குக் கிடைக்கிற பலனில் ஒரு பங்கு அவர் அங்கே இருப்பதுதான். உங்கள் பழமொழி இங்கே பொருந்தவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த விளையாட்டில் போட்ட எல்லைகளைப் பாருங்கள். எட்டு வகைக் கதாபாத்திரங்களின் கதையையும் ஐம்பதாவது லெவல் வரை முழுக்க இலவசமாகவே கொடுத்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் நடிகர்கள் குரல் கொடுத்த கதைகள் அவை. அந்த விளையாட்டிலேயே அதிகச் செலவு பிடித்த பகுதி அதுதான். பெரிய மனசு, மறுக்க மாட்டேன். ஆனால் திறன்களை அடுக்கிவைக்கும் குவிக்பார் என்ற பட்டை இரண்டுதான். ஒரு பட்டையில் பன்னிரண்டு கட்டங்கள், ஆகமொத்தம் இருபத்து நான்கு. லெவல் ஏற ஏறத் திறன்கள் அதைத் தாண்டிப் போய்விடும். கற்றுக்கொண்ட திறனை வைக்க இடமில்லை. இன்னொரு பட்டைக்குக் காசு. தலைக்கவசத்தை மறைத்து உங்கள் கதாபாத்திரத்தின் முகத்தைப் பார்க்கக் காசு. ஆடிச் சம்பாதித்த பட்டத்தைப் பெயரோடு காட்டக் காசு.

கோபம் வந்தது இவற்றுக்குத்தான். புதிய கிரகத்தைப் பூட்டிவைத்தால், அது இன்னொரு பொருள், அதற்கொரு விலை என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. கட்டங்களைப் பூட்டினால், கையில் இருப்பதையே பயன்படுத்த விடாமல் செய்வதுபோல் ஆகிறது. நிறுவனத்துக்கு அந்தப் பட்டையைத் திறந்துவிட ஒரு செலவும் இல்லை. அது மூடியிருப்பது ஆட்டக்காரரை எரிச்சல்படுத்தத்தான் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. எரிச்சலை விலைக்கு விற்கிறார்கள் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், அப்புறம் எட்டுக் கதைகளைக் கொடுத்த தாராளம்கூட அவர் மனதில் நிற்காது. அந்த நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. எதிர்ப்பு எழுந்து அதிக நாள் ஆகவில்லை, இரண்டு பட்டைகள் நான்காயின. புகார் சொன்னவர்கள் காசு கொடுக்காதவர்கள். அவர்கள் சொன்னது சரியாக இருந்தது, நடந்தது.

கையிருப்பு வரம்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதே விளையாட்டில் தொடக்கத்தில் இலவசக் கணக்குக்கு 2 லட்சம் கிரெடிட் வரம்பு இருந்தது. கிரெடிட் என்பது விளையாட்டுக்குள் புழங்கும் பணம். ஒருமுறையாவது ஏதாவது வாங்கியவருக்கு மூன்றரை லட்சம். வரம்புக்கு மேலே வருவது எஸ்க்ரோ என்ற பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும், அல்லது அதற்கென்று விற்கிற அனுமதியை வாங்க வேண்டும். தன் உழைப்பில் சேர்ந்த பணத்தைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வைத்துக் காட்டுகிறார்கள். வரம்பு வைத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் இலவசக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் திறக்கும். வரம்பு இருந்தால் அந்தக் கணக்குகளில் பணத்தைக் குவித்துவைக்க முடியாது. ஆனால் அதே காரணம், நாள்தோறும் வந்து நேர்மையாக ஆடும் ஒருவருக்கு அந்தப் பெட்டி ஏன் இருக்க வேண்டும் என்பதற்குப் பதில் சொல்வதில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டைக்கான அனுமதி, தலைக்கவசத்தை மறைக்கும் அனுமதி போன்ற பலவற்றை, காசு கட்டி வாங்கிய ஒருவர் சந்தையில் விளையாட்டுப் பணத்துக்கு விற்கலாம். அதாவது இலவசக்காரர் உழைத்துச் சேர்த்த கிரெடிட்டைக் கொடுத்து, பணம் உள்ளவர் வாங்கிய அனுமதியைப் பெறலாம். இருவருக்கும் லாபம். வார்ஃப்ரேம் என்ற விளையாட்டு இதை இன்னும் துணிச்சலாகச் செய்தது. அங்கே நிஜப் பணத்துக்கு விற்கும் பிளாட்டினம் என்ற விளையாட்டு நாணயத்தையே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். ஒருவர் தேடி எடுத்த அரிய பாகத்தை இன்னொருவர் பிளாட்டினம் கொடுத்து வாங்குகிறார். நேரம் உள்ளவரும் பணம் உள்ளவரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள். இலவச ஆட்டக்காரருக்கு உரிய இடம் கொடுப்பது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பொது அரட்டையில் பேச முடியவில்லை என்பது வேறு வகை. இதில் நிறுவனங்களின் கஷ்டம் உண்மையானது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டை வால்வ் நிறுவனம் 2011 ஜூனில் இலவசமாக்கியது. பின்னாளில், மனிதர் இல்லாமல் நிரலே இயக்கும் பாட் கணக்குகள் கூட்டங்கூட்டமாக நுழைந்து, ஆட்டத்தைக் கெடுத்து, அரட்டையில் வசைகளைக் கொட்டின. 2020 ஜூனில் இலவசக் கணக்குகளின் அரட்டையை மூடினார்கள். வசை குறைந்தது. ஆனால் நேற்றுச் சேர்ந்த ஒரு பையன் 'பின்னால் எதிரி வருகிறான்' என்று தன் அணிக்குச் சொல்ல முடியாமல் போனான். அணியாக ஆடும் விளையாட்டில் இது சின்ன விஷயமல்ல. பாட்களோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தன.

ஓவர்வாட்ச் 2 இலவசமாக வந்தது 2022 அக்டோபர் 4 அன்று. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க ஒவ்வொரு கணக்கும் ஒரு தொலைபேசி எண்ணோடு இணைய வேண்டும் என்றார்கள். சில வகை ப்ரீபெய்டு எண்கள் செல்லாது என்றும் ஆனது. முதல் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கி வருடக்கணக்கில் ஆடியவர்களே தங்கள் தொலைபேசித் திட்டத்தின் காரணமாக வெளியே நிற்க நேர்ந்தது. கூச்சல் எழுந்தது. ஓரிரு நாளிலேயே, 2021 ஜூன் 9க்குப் பிறகு ஆடியிருக்கும் பழைய கணக்குகளுக்கு இது தேவையில்லை என்று அறிவித்தார்கள். அங்கே இன்னொரு மனக்குறையும் இருந்தது. ஹீரோ என்பது நாம் எடுத்து ஆடும் கதாபாத்திரம். புது ஹீரோ வேண்டுமென்றால் காசு கட்டினவருக்கு உடனே, மற்றவர்கள் பேட்டில் பாஸ் என்ற பரிசு ஏணியில் ஆடி ஆடிப் படிப்படியாக ஏற வேண்டும். எதிரணியைப் பார்த்து ஹீரோவை மாற்றி ஆடுவதே உயிரான விளையாட்டில், சிலர் கையில் மட்டும் ஒரு காய் இருக்கிறது! 2024 ஏப்ரலில் தொடங்கிய பருவத்திலிருந்து புது ஹீரோக்களை எல்லாருக்கும் உடனடியாகத் திறந்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் விடாமல் சொன்னதற்குப் பலன்.

இதோடு உங்களைப் பற்றியும் ஒன்று, வருத்தப்பட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில். 2018 டிசம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ் இலவசமானபோது ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தவர்களில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். நாம் விலை கொடுத்ததை இன்னொருவர் சும்மா பெறுகிறாரே என்ற மனத்தாங்கல் இன்னொரு பக்கம். அது மனித இயல்பு, குற்றமாகச் சொல்லவில்லை. வாங்கியவர்களுக்குப் பிரைம் என்ற தனித் தகுதி கொடுத்தார்கள். இலவசமாக வந்தவர்கள் ஆடி ஆடி 21ஆம் ரேங்கை எட்டினால் அதே தகுதி கிடைத்தது. 2021 ஜூனில் அந்த வழியை மூடி, இனிமேல் பிரைம் வேண்டுமானால் வாங்கத்தான் வேண்டும் என்றார்கள். காரணம் மறுபடியும் பாட்களும் ஏமாற்றுக்காரர்களும்தான். பாதி வழி ஏறியிருந்த ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். கொடுக்காமலே இருந்திருந்தால் வருத்தமில்லை. கொடுத்த வழியை எடுப்பது வலிக்கிறது.

கடைசி வகை ஒன்று இருக்கிறது, அதில் எனக்குச் சமாதானமே கிடையாது. 2014இல் டன்ஜன் கீப்பர் கைபேசி விளையாட்டாக வந்தது. சுரங்கம் தோண்டுவதுதான் ஆட்டமே. ஒரு கட்டியை வெட்ட மணிக்கணக்கில், சில கட்டிகளுக்கு முழுநாள்கூடக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டாம் என்றால் காசு. அதை இலவசம் என்று விளம்பரம் செய்தது தவறான வழிகாட்டல் என்று பிரிட்டனின் விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்ஏ அந்த ஆண்டு ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. அதே விளையாட்டு ஆண்ட்ராய்டில் மதிப்பெண் கேட்டபோது, ஐந்து நட்சத்திரம் தருகிறேன் என்றவர்களைக் கடைக்கு அனுப்பியது. அதற்குக் குறைவாகத் தர நினைத்தவர்களை, எங்களுக்கு மின்னஞ்சலில் சொல்லுங்கள் என்று வேறு பக்கம் திருப்பியது. குறை சொல்லும் வாயையே அடைக்கப் பார்த்தார்கள். புகார் சொல்ல உரிமை உண்டா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

ஒன்றை மட்டும் உங்கள் தம்பியிடமும் சொல்லுங்கள். கோபத்தை எல்லையின் மீது காட்டலாம். அங்கே வேலை செய்யும் மனிதர்களை வசைபாடுவதற்கும் மிரட்டுவதற்கும் எந்த நியாயமும் கிடையாது. அறிவிப்பை எழுதிப் போடுகிற ஊழியர் அந்த எல்லையை வைத்தவர் அல்ல. அவரைத் திட்டுவதால் ஒரு கட்டமும் கூடுதலாகத் திறக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'காசைக் கட்டு, இல்லையென்றால் விட்டுவிடு' என்றது தப்புதான். பிடிக்காதவர் பேசாமல் போய்விடுவார். உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறவர் அங்கேயே இருக்க ஆசைப்படுகிறவர். அவருடைய புகார்களில் வாராந்தர ஆட்டக் கணக்கை நீங்களே எடுத்துப் பாருங்கள். இலவசக்காரர்கள் தங்கள் கணக்கு முடிந்து ஒதுங்கினால், அந்த வாரக் கடைசியில் ஆள் சேராமல் காத்திருக்கப் போவது நீங்களும்தான். ஆகவே அதைப் பற்றி நிறுவனத்துக்கு நீங்கள் எழுதுங்கள். சந்தாதாரர் எழுதினால் கொஞ்சம் வேகமாகப் படிக்கிறார்கள். கையிருப்பு வரம்பைப் பற்றியும் எழுதுவதாக இருந்தால், எந்தப் பொருளை வாங்க எவ்வளவு குறைகிறது என்று தம்பியிடம் கேட்டு அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்பதற்காகவாவது அவரிடம் பேச வேண்டியிருக்கும்.

அன்புடன்.