பழைய பிக்கப்பும் ஐந்து நட்சத்திரமும்

கேள்வி: ஐயா, நகரிக்கு அருகே எங்களுக்கு மாந்தோப்பு உண்டு. உரமூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் கொண்டுவரவும், வாரம் ஒருமுறை குடும்பத்தோடு திருத்தணிக்குப் போய்வரவும் இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணுகிறேன். 2018-ஆம் ஆண்டு இசுசு வி-கிராஸ் ஒன்றும், 2021-ஆம் ஆண்டு பொலிரோ கேம்பர் ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. முன்னதற்கு ஆஸ்திரேலியாவில் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்ததாகப் புரோக்கர் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டுகிறார். பிந்தைய ஆண்டு வண்டிதான் பாதுகாப்பு என்கிறான் என் மகன். நட்சத்திரத்தை நம்பி வாங்கலாமா?
– வாசகர், நகரி

பதில்: புரோக்கர் காட்டிய வீடியோ பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது உங்களிடம் விலை பேசும் வண்டியைப் பற்றியதாக இல்லாமல் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் மோதல் சோதனை அமைப்பு 2020-இல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது டி-மேக்ஸின் (இங்கே வி-கிராஸ் என்று விற்பது அதன் ஒரு வகை) புதிய தலைமுறைக்கு. உங்கள் பக்கத்து ஸ்ரீசிட்டியில் 2016-இல் திறந்த தொழிற்சாலையில் தயாராகி இங்கே விற்ற 2018-ஆம் ஆண்டு வி-கிராஸோ அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. பெயர் ஒன்றானாலும் கேபின் வேறு; அந்த நட்சத்திரம் இந்த வண்டிக்குச் சேராது.

எனவே யார் எந்த நட்சத்திரத்தைக் காட்டினாலும், சோதித்தது எந்த ஆண்டு, எந்த தலைமுறை, எந்த வகை என்று முதலில் கேளுங்கள். 2016-இல் ஐரோப்பாவில் சோதிக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ், சாதாரண வகையில் மூன்று நட்சத்திரமும், கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்திய வகையில் ஐந்து நட்சத்திரமும் பெற்றது. ஒரே வண்டிக்கே இப்படியென்றால், பெயர் மட்டும் ஒத்துப்போகும் வண்டிகளை ஒப்பிடுவது எவ்வளவு தவறு என்று பாருங்கள். 2024-இல் குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு மோதல் சோதனை அமைப்பின் சோதனையில் பயணிகள் வண்டியான பொலிரோ நியோ ஒரு நட்சத்திரம் பெற்றதை வைத்து கேம்பரை எடைபோடுவதும் அதே தவறுதான். நம் நாட்டில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம், 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் வாகனங்களுக்கானது. சரக்கு வாகனமாகப் பதிவாகும் பிக்கப்புகள் அதன் வரம்பிலேயே இல்லை.

உங்கள் மகனின் கருத்தையும் நான் முழுவதுமாக ஏற்கமாட்டேன். 2020-இல் குளோபல் என்கேப் இரண்டு நிசான் பிக்கப்புகளை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று ஆப்பிரிக்கச் சந்தையில் புதிதாக வாங்கிய 2019-ஆம் ஆண்டு ஹார்டுபாடி. மற்றது ஐரோப்பாவில் பழையதாக வாங்கிய 2015-ஆம் ஆண்டு நவாரா. புதிய வண்டியின் ஓட்டுநருக்கு உயிர்போகும் காயம் ஏற்பட்டிருக்கும் என்றும், பழைய வண்டியின் ஓட்டுநர் எழுந்து நடந்திருப்பார் என்றும் முடிவு வந்தது. அந்த ஹார்டுபாடியில் இரண்டு ஏர்பேக் இருந்தும், 2018-இல் தனியே நடந்த சோதனையில் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. கேபின் நசுங்கிவிட்டால் ஏர்பேக் மட்டும் காப்பாற்றிவிடாது. மேலும், 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கிய விதி பயணிகள் வாகனங்களுக்கானது; ஆகவே 2021 என்ற ஆண்டைப் பார்த்து ஏர்பேக் இருக்கும் என்று எண்ணிவிடாமல், ஸ்டியரிங்கின் நடுவில் அதற்கான எழுத்து இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

குளோபல் என்கேப் முன்மோதல் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் மோதும்படி நடக்கிறது. ஏறக்குறைய அதே எடையுள்ள வண்டி எதிரே வந்து மோதினால் என்ன ஆகும் என்பதற்கே அது விடை சொல்லும். கருங்கல் ஏற்றிவரும் டிப்பருக்கு அது பொருந்தாது. வேகம் 80 ஆனால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும்.

நட்சத்திரத்தைவிட உங்களுக்கு இப்போது முக்கியம், பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கும் அரைமணி நேரம். முன்சக்கரத்திற்குப் பின்னால் சேசிஸ் சட்டத்தை டார்ச் அடித்துக் கையால் தடவிப் பாருங்கள். சுருக்கமோ, புது வெல்டிங்கோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். ஒருமுறை மடங்கி நிமிர்த்திய சட்டம் அடுத்த மோதலை முதல்முறை போலத் தாங்காது. அடுத்து, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் கழற்றியிருக்கக்கூடும். ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்து, நூல் பிரிந்திருக்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று சோதியுங்கள். குழந்தைகள் பின்னால் உட்காரப்போகிறார்கள் என்பதால் பின்சீட்டு பெல்ட்டுகளை விட்டுவிடாதீர்கள்.

இந்தச் சோதனைகளில் தேறினால் நான் வி-கிராஸையே வாங்கச் சொல்வேன். ஐந்து நட்சத்திரத்துக்காக அல்ல, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) வேலை செய்யும் வண்டியில் உங்கள் பிள்ளைகள் போகட்டும் என்பதற்காக. சேசிஸ் தேறாவிட்டால் இரண்டையும் விட்டு வேறு வண்டி பாருங்கள். ஆர்.சி.யில் ஏற்றக்கூடிய எடையையும் படித்துக்கொள்ளுங்கள். மாங்காய்க் காலத்தில் அதற்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். பருவத்திற்கு லாரியை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

கேள்வி: நான் வாங்கிய பழைய பிக்கப்பின் முகப்பில் கனமான இரும்புக் கம்பிக் காப்பு பொருத்தியிருக்கிறது. கூடுதல் பாதுகாப்புதானே?
– வாசகர், சத்தியவேடு

பதில்: இல்லை, கழற்றிவிடுங்கள். மோதலின் வேகத்தை முகப்பு நசுங்கித் தன்மேல் வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருப்பார்கள். சேசிஸோடு போல்ட் போட்ட கம்பி அந்த அதிர்ச்சியை நேரே சட்டத்துக்கும் கேபினுக்கும் கடத்துகிறது, ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பக்கூடும். குறுக்கே வரும் மனிதருக்கோ அது இன்னும் கொடியது. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றிய பிறகு போல்ட் இருந்த துளைகளைச் சுற்றிச் சட்டம் விரிசல் விட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.