பத்தாம் நாள் காய்ச்சல்

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக என் மனைவிக்கு 21 நாட்களுக்கு ஒரு முறை கீமோதெரபி தரப்படுகிறது. ஆறு சுற்றுகளில் இரண்டு முடிந்துள்ளன. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பத்தாம் நாள் இரவு அவளுக்கு 101 டிகிரி காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்று கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் உறங்கிவிட்டோம். விடியற்காலையில் அவளுக்கு உடல் தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் ஏற்பட்டது. ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்த்து, ஆறு நாட்கள் கழித்து வீடு திரும்பினோம். அன்று முதல் மணிக்கு ஒரு முறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "எனக்குக் கணவர் வேண்டும், காவலர் வேண்டாம்" என்று கோபிக்கிறாள். சாப்பாட்டை முன்னிட்டும் தினமும் சண்டை நடக்கிறது. நான் செய்தது தவறா? மீதமுள்ள நான்கு சுற்றுகளில் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: முதல் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். மாத்திரை கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருந்தது தவறுதான். ஆனால், வேறு எந்தக் காய்ச்சலுக்கும் எந்தக் குடும்பமும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். "காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்" என்று கீமோ தொடங்கும் நாளில் நாங்கள் சொல்கிறோம். ஏன் உடனே வரவேண்டும் என்பதைப் பல நேரங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நள்ளிரவில் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறையில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல்களைப் போலவே, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும், வாய், குடல் ஆகியவற்றின் உட்பரப்பும், முடியின் வேர்களும் வேகமாகச் செல்களைப் பெருக்குவதால் அவையும் அடி வாங்குகின்றன. மருந்து ஏறியதிலிருந்து பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமிகளை எதிர்த்து முன்வரிசையில் நிற்கும் நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். சுற்றுகளுக்கிடையே 21 நாட்கள் விடப்படுவது இந்த மீட்சிக்காகத்தான். எனவே பத்தாம் நாள் காய்ச்சல் என்பது தற்செயலாக வந்ததன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு புண்ணில் சீழ் பிடிப்பதற்கும் அது சிவந்து வீங்குவதற்கும் இந்த வெள்ளையணுக்களே பெரிதும் காரணம். அவை இல்லாதபோது உடலுக்குள் கிருமி பரவினாலும் வெளியே அடையாளம் தெரியாது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். பாராசிட்டமால் அந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடுகிறது, கிருமியை ஒன்றும் செய்வதில்லை.

இனி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால், எந்த நேரமானாலும் உங்கள் சிகிச்சைக் குழுவை அழைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அப்படியே செய்யுங்கள். அவசரப் பிரிவின் வாசலிலேயே "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், இன்று பத்தாம் நாள், காய்ச்சல்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல்காரர்களுடன் வரிசையில் உட்கார வைக்கப்படலாம். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்த மாதிரி எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்குவதுதான் இலக்கு. ஒரு முறை இப்படி நேர்ந்திருப்பதால், வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஊசியை அடுத்த சுற்று முதல் தரலாமா, மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஊசி கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்தே போடப்படும். அதனால் எலும்புகளில் வலி வரலாம்; அந்த வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கச் சொன்னாலும், முதலில் காய்ச்சலை அளந்த பிறகே கொடுங்கள்.

நெற்றியைத் தொடுவதை விட்டுவிடுங்கள். கை சொல்லும் கணக்கு நம்பகமானதன்று. காலையும் மாலையும் ஒரு முறை, உடம்பு சரியில்லை என்று தோன்றும்போது ஒரு முறை அளந்தால் போதும். அதையும் உங்கள் மனைவியே அளந்து, நாள் எண்ணுடன் ஒரு நோட்டில் எழுதட்டும். அவருடைய கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது: நோய் ஏற்கெனவே பறித்துக்கொண்ட கட்டுப்பாட்டில் மிச்சமிருப்பதை உங்கள் பயம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை வேறு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, நிற்காத வயிற்றுப்போக்கு, நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, காரணமின்றி ரத்தம் கசிவது, மருந்து ஏற்றிய இடத்தில் எரிச்சலும் வீக்கமும் காண்பது ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே தொலைபேசியில் அழையுங்கள். மூச்சோ நெஞ்சோ சம்பந்தப்பட்டதென்றால் அழைத்துக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டுச் சண்டையில் நான் உங்கள் மனைவியின் பக்கம். மருந்து நாக்கின் சுவையையே மாற்றிவிடுகிறது; வாயில் புண் இருந்தால் விழுங்குவதே தண்டனை. ஆசையாகச் சமைத்ததை அவர் ஒதுக்கும்போது அது உங்களை ஒதுக்குவதாகத் தோன்றும், அவ்வளவுதான். சில நாட்கள் குறைவாகச் சாப்பிடுவதைவிடத் தண்ணீர் குறைவதே ஆபத்து. சிறிது சிறிதாக, அவர் கேட்கும் நேரத்தில் கொடுங்கள். மணம் குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். வாந்தி மாத்திரைகளைக் குமட்டல் வரும்வரை காத்திருக்காமல், எழுதித் தந்த நேரப்படி கொடுப்பது முக்கியம், ஏனெனில் கீமோ முடிந்து ஐந்து நாட்கள்வரை கூட வாந்தி வரக்கூடும். அவற்றுள் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வாந்திக்காகவே தரப்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டும். அதை நிறுத்தியதும் உடல் துவண்டுபோகும். உங்கள் சண்டைகள் எந்த நாட்களில் வருகின்றன என்று அந்த நோட்டில் பாருங்கள். ஒன்றிரண்டு அந்த மாத்திரையின் கணக்கில் சேரலாம்.

கேள்வி: என் கணவருக்குக் கீமோ நடக்கிறது. அவருடைய வாந்தியையும் துணிகளையும் கையுறை அணிந்து எடுக்கச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து, "என்னைத் தொடவே அருவருப்பாகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டார். கையுறை அவசியந்தானா? நாங்கள் ஒரே படுக்கையில் உறங்கலாமா?

பதில்: அவசியம், ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும். மருந்தின் பெரும்பகுதி வெளியேறும் முதல் 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதலான காலம், சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்து கலந்திருக்கும். அந்த நாட்களில் கையுறை அணியுங்கள், கழிப்பறையை மூடிவைத்து இரண்டு முறை நீர் ஊற்றுங்கள், கறைபட்ட துணிகளைத் தனியே துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. தாம்பத்திய உறவில் அந்நாட்களில் ஆணுறை வேண்டும். சிகிச்சைக் காலம் முழுவதுமே கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

கையுறை மருந்துக்காக அணிவது என்பதை அடுத்த சுற்றுக்கு முன்பே, நிதானமாக இருக்கும் ஒரு வேளையில் அவரிடம் சொல்லிவிடுங்கள். வாந்தி எடுத்துக் களைத்திருக்கும்போது விளக்கினால் அது காதில் ஏறாது. ஒரே படுக்கையில் உறங்கலாம், அணைத்துக்கொள்ளலாம், குழந்தைகள் மடியில் ஏறி உட்காரலாம். கையுறையைக் கழற்றிக் கைகழுவியதும் அவர் அருகில் போய் உட்காருங்கள்.