வாசகர் கேள்வி பதில்: பக்கத்தின் உச்சியில் ஒரு பொடி வரி

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஓர் ஆய்வுக் கட்டுரையின் படத்தை அனுப்பினார். அம்மா பல வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை ஞாபகசக்தியைக் கெடுக்கும் என்று அதில் இருக்கிறதாம். அம்மா மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். தேடிப் பார்த்தால் அது ‘பிரிபிரிண்ட்’ என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: முதல் வேலையாகப் பலதுறை மருந்தகத்துக்குப் போன் போட்டு அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று சொல்லுங்கள். கட்டுரையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பேசிவிட்டீர்களா? சரி. ஆய்வாளர்கள் எழுதி முடித்த கட்டுரையை, ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, எல்லாரும் படிக்கட்டும் என்று இணையத்தில் ஏற்றி வைப்பதுதான் பிரிபிரிண்ட். உயிரியலுக்குப் பயோஆர்கைவ் என்ற இணையதளம் இருக்கிறது, அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 2013 நவம்பரில் தொடங்கியது. மருத்துவத்துக்கு மெட்ஆர்கைவ், 2019 ஜூனில் வந்தது. ஏற்றுவதற்கு முன் அங்கே ஒரு பார்வை பார்க்கிறார்கள்: அடுத்தவர் எழுத்தைத் திருடியதா, அறிவியல்தானா, வெளியே விட்டால் மக்களுக்குத் தீங்கு வருமா என்று. அவ்வளவுதான். கணக்கு சரியா, முடிவு சரியா என்று அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வரி வரியாகப் படித்துக் குடைவது ஆய்விதழில்தான். அதைத்தான் சக மதிப்பாய்வு என்கிறோம்.

அண்ணன் அனுப்பியது படம் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். இந்தத் தளங்களின் பிடிஎஃப்பைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பொடி எழுத்தில், இது சக மதிப்பாய்வில் சான்று பெறாதது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடும். கைப்பேசியில் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் நறுக்கும்போது அந்த வரி கத்தரிபட்டுப் போகிறது. எழுதியவர்கள் நேர்மையாகச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள், வெட்டிவிட்டு அனுப்புவது நாம். அண்ணனிடம் முழுக் கோப்பையும் கேளுங்கள். சோதித்தது எலியையா மனிதரையா, மனிதர் என்றால் எத்தனை பேரை என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அதை அச்செடுத்து அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.

கேள்வி: சரிபார்க்காத கட்டுரையை ஏன் வெளியே விட வேண்டும்? ஆய்விதழில் வந்த பிறகு படித்தால் ஆகாதா?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: பொறுத்திருக்க முடியாத நேரமும் உண்டு ஐயா. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைப் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு கண்டுபிடித்தது. 2020 ஜூன் 16ல் அறிவித்தார்கள், 22ஆம் தேதி முழு விவரமும் மெட்ஆர்கைவில் இருந்தது, ஆய்விதழில் வந்ததோ ஜூலை 17. அந்த மூன்றரை வாரம் உலகம் முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள்! மருத்துவர்கள் எண்களைத் தாங்களே பார்க்க முடிந்தது என்பது சின்ன விஷயமில்லை.

நீங்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதே ஆண்டு ஜனவரி 31ல், புதிய கொரோனா கிருமியின் மேல் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில் எச்ஐவியோடு ஒத்துப்போகும் துண்டுகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் சிலர் பயோஆர்கைவில் ஒரு கட்டுரையை ஏற்றினார்கள். ஊரெல்லாம் பரபரப்பு. அவை மிகக் குட்டையான துண்டுகள், வேறு எத்தனையோ உயிரிகளிலும் இருப்பவை என்று மற்ற ஆய்வாளர்கள் உடனே எடுத்துக்காட்ட, பிப்ரவரி 2ல் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். இரண்டே நாள். ஆனால் மதிப்பாய்வு முடிந்து மே 22ல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்த, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றிய கட்டுரையும் தரவை நம்ப முடியாது என்று ஜூன் 4ல் திரும்பப் பெறப்பட்டதே! திறந்த இடத்தில் பல கண்கள் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கேள்வி: என் மகள் பயோபொலிசில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கட்டுரையை ஆய்விதழுக்கு முன்னாலேயே இணையத்தில் போடப் போகிறார்களாம். யாராவது திருடிக்கொண்டால்? பணம் வேறு கட்ட வேண்டுமா?
– ஒரு தாய், கிளமெண்டி

பதில்: ஒரு காசு வேண்டாம். ஏற்றவும் இலவசம், படிக்கவும் இலவசம்.

திருட்டைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். இளம் வயதில் ஒரு கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பதினான்கு மாதம் இழுத்தார்கள், இந்தச் சோதனையைச் செய், அந்தச் சோதனையைச் செய் என்று. தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன், ‘பரிசீலனையில்’ என்ற அதே சொல்தான் இருக்கும். கடைசியில் வேறொரு நாட்டுக் குழு அதே முடிவை வெளியிட்டுவிட்டது. அவர்கள் திருடவில்லை, முந்திக்கொண்டார்கள். ஆனால் நான் முன்பே கண்டேன் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் மகளுக்கு அந்த நிலை வராது. ஏற்றினால் தேதி விழும், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், உலகமே சாட்சி. பின்னால் திருத்தினால் இரண்டாம் பதிப்பாகச் சேரும், முதல் பதிப்பும் அப்படியே நிற்கும்.

ஆய்விதழ்கள் ஒதுக்கிவிடுமோ என்றும் கவலைப்பட வேண்டாம். ஒரு காலத்தில் ஒதுக்கத்தான் செய்தார்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் 1961லேயே உயிரியல் கட்டுரைகளின் நகல்களைத் தபாலில் சுற்றுக்கு விட்டது, அப்படிச் சுற்றியதை வெளியிட மாட்டோம் என்று ஆய்விதழ்கள் முறுக்கிக்கொண்டதில் 1967ல் நின்றுபோனது. இயற்பியல்காரர்கள் 1991லேயே ஆர்கைவ் என்ற தங்கள் பிரிபிரிண்ட் தளத்தைத் தொடங்கிவிட்டார்கள், உயிரியல்காரர்களான நாங்கள்தான் பின்தங்கிப்போனோம். இன்று பெரும்பாலான உயிரியல் இதழ்கள் ஏற்றுக்கொள்கின்றன. அதே கழகமே நிதி விண்ணப்பத்தில் பிரிபிரிண்டைக் காட்டலாம் என்று 2017ல் சொல்லிவிட்டது.

ஒன்றை மட்டும் மகளிடம் கேளுங்கள். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே அவர்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிடம் பேசிவிட வேண்டும், ஏற்றிய பிறகு திரும்பப் பெறலாமே தவிர அழிக்க முடியாது. கூட எழுதியவர்கள் எல்லாரும் சம்மதிக்கவும் வேண்டும். இரண்டும் சரியென்றால் ஏற்றட்டும். ஏற்றிய அன்றே இணைப்பை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.