கையில் ஆட்டின் ஏஸ் இருந்தும் ஒமஹாவில் ஃபிளஷ் ஏன் ஆகவில்லை?

நண்பரே, ஒமஹா போக்கர் சீட்டாட்டத்தில் மேசையில் நான்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்), கையில் ஆட்டின் ஏஸ், இருந்தும் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. டெக்சாஸ் ஹோல்டெம் என்ற இன்னொரு போக்கர் வகையைப் பழகிவிட்டு ஒமஹாவுக்கு வருகிறவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஹோல்டெமில் கையில் 2, மேசையில் 5, இந்த 7 சீட்டில் எந்த ஐந்தையும் சேர்க்கலாம். ஒமஹாவில் கையில் 4 சீட்டு வரும். அதில் 2, மேசையிலிருந்து 3 எடுத்தே ஆக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்களிடம் இருந்த ஆட்டின் ஒன்றுதான். மேசையின் மூன்றோடு நான்குதானே ஆகிறது? கூடவே ஆட்டின் 2 என்ற சின்னச் சீட்டு இருந்திருந்தால்கூட ஏஸ் ஃபிளஷ் கிடைத்திருக்கும். இதே காரணத்தால் கையிலேயே 4 ஏஸ் வந்தாலும் பயனில்லை, அது வெறும் ஒரு ஜோடிதான்.

அப்புறம் நீங்கள் கேட்ட பந்தயக் கணக்கு, அதாவது ஒரு முறையில் அதிகபட்சம் எவ்வளவு வைக்கலாம் என்பது. ஒமஹாவைப் பெரும்பாலும் பாட் லிமிட்டாக ஆடுவார்கள், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தப் பந்தயத்தின் (பாட்) அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. பாட்டில் 100 இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார் என்றால் உங்கள் உச்சவரம்பு 150 இல்லை, 250. முதலில் அவருடைய 50க்கு ஈடாக 50 வைத்ததாக நினையுங்கள். பாட் 200 ஆகிறது. அந்த 200ஐ மேலே ஏற்றலாம்.

காசு வைக்காமல் வெறும் சிப்ஸில் கொஞ்ச நாள் ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் இரண்டு சீட்டையும் மேசையின் மூன்றையும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள், சீக்கிரம் பிடிபடும்.