விடு, விடை, விடுப்பு

கேள்வி: ஆங்கிலத்தில் கிளம்புவதற்கும் 'லீவ்', விடுமுறைக்கும் 'லீவ்', மிச்சம் வைப்பதற்கும் 'லீவ்'. போதாக்குறைக்கு மரத்தின் இலைகளும் 'லீவ்ஸ்'. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் வறிய மொழி அது என்பது என் முடிவு. என் பேரன் 'ஐ லீவ் டு சென்னை' என்கிறான். திருத்தினால், 'எல்லாம் ஒன்றுதான் தாத்தா' என்கிறான். இப்படிப்பட்ட மொழியிலிருந்து 'லீவு' என்ற சொல்லை எடுத்து உங்கள் இதழிலும் அச்சிடுகிறீர்களே, இது நியாயமா?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: முடிவை முதலில் எழுதிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்டிருக்கிறீர்கள். ஆகவே நானும் முடிவிலேயே தொடங்குகிறேன். ஆங்கிலம் வறிய மொழி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பேரனைத் திருத்தியது சரி. ஆனால் ஏன் தவறு என்று அவனுக்குச் சொன்னீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

ஒரு சொல் பல வேலை பார்ப்பது வறுமை என்றால், முதல் ஏழை தமிழ்தான். 'விடு' என்ற ஒரே சொல்லை உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பகல் பின்தொடர்ந்து பாருங்கள். மேட்டூரில் தண்ணீர் விட்டார்கள் என்றால் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிறது. மழை விட்டது என்றால் வருவது நின்றுபோகிறது. ஒரே வினைதான், பொருளோ நேர் எதிர். அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது 'இந்த வருடம் விடுவார்களா?' என்று கேட்கிற விவசாயியிடம் எதை விடுவார்கள் என்று டெல்டாவில் எவரும் திருப்பிக் கேட்பதில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிறது. நாற்று வேர் விடுகிறது. குத்தகையை ஏலம் விடுகிறார்கள். பையன் பட்டம் விடுகிறான், அப்பா புகையிலையை விடுகிறார், மாமா கதை விடுகிறார். இத்தனையும் போதாமல் 'வந்துவிட்டான்', 'தூங்கிவிட்டாள்' என்று மற்ற வினைகளுக்குப் பின்னாலும் போய் ஒட்டிக்கொள்கிறது. 'பஸ்ஸை விட்டுவிட்டான்' என்பதில் அது இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் வேலை வேறு. இதையெல்லாம் தமிழின் வளம் என்று வகுப்பில் நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். அதே காரியத்தை ஆங்கிலம் செய்தால் மட்டும் வறுமையா?

தவிர, நீங்கள் ஒரே சொல் என்று நினைப்பது ஒன்று அல்ல. கிளம்புவதைச் சொல்லும் 'லீவ்' வேறு, விடுப்பைச் சொல்லும் 'லீவ்' வேறு. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். காலப்போக்கில் ஒலியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. இலை மூன்றாவது; அதன் ஒருமை 'லீஃப்', பன்மையில் மட்டும் 'லீவ்ஸ்' ஆகிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட, இடது கையைக் குறிக்கும் 'லெஃப்ட்' நான்காவது. அதற்குப் பழைய பொருள் வலுவற்றது என்பது. முகம் ஒன்றுபோல் இருப்பதால் முதல் மூவரையும் ஒரே ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டீர்கள்.

இவற்றில் முதலாவதன் கதை சுவையானது. கிளம்புகிறவனைப் பற்றிய சொல்லாக அது பிறக்கவில்லை. பின்னால் எது தங்குகிறது என்பதைப் பற்றியதாகத்தான் பிறந்தது. தங்கும்படி விடுவது, மிச்சம் வைப்பது என்பதே அதன் மூலப்பொருள். தங்குவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'பிளைபென்' அதற்கு உறவு. அதனால்தான் பானையில் மிச்சமிருக்கும் சோற்றுக்கும் 'லெஃப்ட்', ஊரை விட்டுப் போனவனுக்கும் 'லெஃப்ட்'. நாம் 'ஊரை விட்டுப் போனான்' என்று சொல்லும்போதும் 'விட்டு' என்பது போகிறவனின் காலைப் பார்க்கவில்லை. அவன் பின்னால் விட்ட ஊரைத்தான் பார்க்கிறது.

இரண்டாவது 'லீவ்' என்பதற்கு அனுமதி என்று பொருள். அன்பைக் குறிக்கும் 'லவ்', நம்பிக்கையைக் குறிக்கும் 'பிலீஃப்' ஆகியவற்றோடு வேர் வழியில் சொந்தம் உடையது. விருப்பத்தோடு இசைவதே அனுமதி என்று அந்த மொழிக்காரர்கள் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள். 'டேக் லீவ்' என்றால் போவதற்கு அனுமதி பெறுவது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? 'விடை பெற்றான்' என்போம். வினாவுக்குத் தரும் பதிலும் விடை, போக அனுமதிப்பதும் விடை. 'விடை கொடுத்தான்' என்றால் போக இசைந்தான் என்று பொருள். நம் பக்கத்து அக்கிரகாரங்களிலும் பண்ணை வீடுகளிலும் வந்த விருந்தாளி எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு 'உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்' என்பார். வீட்டுக்காரர் ஒரு முறை 'இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே' என்று தடுத்துவிட்டுப் பிறகுதான் உத்தரவு தருவார். போகிறவன் கேட்க வேண்டும், இருப்பவன் கொடுக்க வேண்டும். காவிரிக்கரையிலும் இங்கிலாந்திலும் மரியாதை இந்த ஒரே வடிவத்தில்தான் இருந்திருக்கிறது. 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லும் பண்பு நமக்கு மட்டுமே உண்டு என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆங்கிலத்தின் 'குட்பை' என்பது 'கடவுள் உன்னோடு இருப்பாராக' என்ற முழு வாக்கியம் தேய்ந்து தேய்ந்து மிஞ்சியது.

இனி உங்கள் பேரன். 'ஐ லீவ் டு சென்னை' தவறுதான், ஆனால் அந்தத் தவறு தமிழில் இருந்து வந்தது. 'சென்னைக்கு' என்பதில் இருக்கும் 'கு' உருபை அவன் 'டு' ஆக்கியிருக்கிறான். 'கோ டு' என்று சரியாகப் பழகிய நாக்கு 'லீவ்' என்பதற்குப் பின்னாலும் அதையே ஒட்டுகிறது. 'லீவ்' என்பதற்குப் பின் ஓர் ஊர்ப் பெயரை நேராக வைத்தால் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதாகப் பொருள். நடுவில் 'ஃபார்' வந்தால் அந்த ஊரை நோக்கிக் கிளம்புவதாகப் பொருள். அவன் உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரிலிருந்து ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 'லீவ் தஞ்சாவூர்' சரி, 'லீவ் ஃபார் சென்னை'யும் சரி. 'ஃபார்' என்ற சிறு சொல்லை விழுங்கிவிட்டு 'லீவ் சென்னை' என்றால், ஏறுவதற்கு முன்பே சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பான். தமிழில் 'தஞ்சாவூரிலிருந்து', 'சென்னைக்கு' என்று வேற்றுமை உருபு பார்க்கிற வேலையை அங்கே அந்தச் சிறு சொல் பார்க்கிறது. 'எல்லாம் ஒன்றுதான்' என்கிற பையனிடம், 'சென்னைக்கு'ம் 'சென்னையிலிருந்து'ம் ஒன்றுதானா என்று கேளுங்கள்.

இன்னொரு தவறை அவன் மட்டுமல்ல, படித்த பெரியவர்களும் செய்கிறார்கள். குடையைப் பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்பதை ஆங்கிலத்தில் அப்படியே 'ஃபர்காட்' என்று போட்டுச் சொல்வார்கள். எங்கே போனது என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னால் அங்கே 'லெஃப்ட்' என்பதே வழக்கு. நாமும் 'பஸ்ஸில் விட்டுவிட்டேன்' என்று சொல்கிறவர்கள்தானே? அதையே பிடித்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் பிழையில்லாமல் வரும்.

'லீவு' விவகாரத்தில் உங்கள் கோபத்துக்குப் பாதி நியாயம் உண்டு, ஆனால் அது தவறான ஆள்மேல் பாய்கிறது. பாதகம் செய்தது ஆங்கிலச் சொல் அல்ல. தமிழில் இருக்கும் இரண்டு தெளிவான சொற்களை நாம் குழப்பியதுதான் பாதகம். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது விடுமுறை. ஒருவர் தனக்கென்று கேட்டு வாங்குவது விடுப்பு. ராஜராஜ சோழன் பிறந்தநாளான ஐப்பசிச் சதயத்துக்குத் தஞ்சாவூரில், ஆழித்தேருக்குத் திருவாரூரில், நாகூர் தர்காவின் கந்தூரிக்கு நாகப்பட்டினத்தில் ஆட்சியர் அறிவிப்பது உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்றும், வங்கிகளுக்கான விடுமுறையைத் தீர்மானிக்கும் செலாவணி முறிச் சட்டம் 1881-இன்கீழ் இந்த நாள் வராது என்றும், கருவூலம் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்றும் அறிவிப்பின் கடைசியில் இருக்கும். விடுப்பு அப்படி அல்ல. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, ஆனால் தானாக வராது. எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவர் ஒப்ப வேண்டும். ஈட்டிய விடுப்பை எடுக்காமல் சேர்த்துவைத்துச் 'சரண்' செய்து காசாக்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே. போரில் தோற்றவன் செய்வதை நாம் சம்பளப் பட்டியலில் செய்கிறோம்.

பள்ளி விடுப்புக் கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருப்பீர்கள். நோட்டிலிருந்து கிழித்த தாள், இடது ஓரத்தில் தையல் நூல் போட்ட ஓட்டை, 'காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு' என்ற மாறாத வாக்கியம். தை மாத அறுவடையின்போது டெல்டாப் பிள்ளைகளுக்கு மட்டும் குறிப்பாக வரும் காய்ச்சல் அது. இதே பிள்ளைகள் 'இன்று ஸ்கூல் லீவு', 'இன்று நான் லீவு' என்று இரண்டுக்கும் ஒரு சொல்லைப் பழகி, பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில் 'ஐ ஆம் லீவ்' என்று எழுதுகிறார்கள். 'ஆன்' என்ற சொல்லை நடுவில் போடச் சொல்லிக் கொடுப்பதோடு, விடுப்பு வேறு விடுமுறை வேறு என்பதையும் நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இதில், நடவுக்குப் போகிற பெண்களுக்கு இந்த இரண்டு சொற்களும் தேவைப்படவே இல்லை. போகாத நாளுக்குக் கூலி இல்லை. கடிதம் எழுதினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

'லீவு' நம் இதழில் தொடர்ந்து வரும். செய்தியிலும் கட்டுரையிலும் விடுப்பையும் விடுமுறையையும் பிரித்தே அச்சிடுகிறோம். கதையில் ஒரு பாத்திரம் 'நாளைக்கு லீவு' என்று துள்ளினால் அதை விடுமுறை என்று திருத்த மாட்டோம். 'மாணவர்களுக்கு இன்று விடுப்பு' என்று எங்காவது அச்சாகியிருந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள், திருத்தம் வெளியிடுகிறோம்.