பாதாளக் கரண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவில் காணாமல்போகும் பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். வின்னிபெக்கில் உறவினர்களே படகெடுத்து ஆற்றைத் துழாவுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காவல்துறை செய்ய வேண்டியதை நாலு பேர் கயிறும் கொக்கியுமாகச் செய்து என்ன ஆகப்போகிறது? போன உயிர் வரவா போகிறது? குதர்க்கமாகக் கேட்கவில்லை.

சுகந்தி, திருப்பூர்

அன்புள்ள சுகந்தி,

வராது. அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

2014 ஆகஸ்டில் வின்னிபெக் வழியாக ஓடும் ரெட் ஆற்றில் 15 வயதுப் பூர்வகுடிச் சிறுமியின் உடல் கிடைத்தது. போர்வை உறையில் சுற்றி, கல் வைத்து அமிழ்த்தியிருந்தார்கள். அன்று போலீஸ் தேடப்போனது வேறொருவரை. அப்படியானால் அந்தத் தண்ணீருக்கடியில் இன்னும் யார் யார்? 2008-இல் தங்கையைத் தொலைத்த பெர்னாடெட் ஸ்மித்தும் இன்னும் சிலரும் 2014-லேயே ‘டிராக் தி ரெட்’ (ரெட் ஆற்றைத் துழாவு) என்று படகில் இறங்கினார்கள். கிணற்றில் வாளி விழுந்தால் போடுவோமே பாதாளக் கரண்டி, கிட்டத்தட்ட அதே வேலைதான். கொக்கியில் துணி சிக்கும், எலும்பு சிக்கும். மனித எலும்பா, மாட்டெலும்பா என்று பார்க்கத் தடயவியல் மானுடவியலாளர் ஒருவரிடம் பாடம் கேட்டுக்கொண்டார்கள். தங்கையைத் தேடுபவள் கற்க வேண்டிய பாடமா இது?

சரி, என்ன ஆனது என்கிறீர்கள். 2022-இல் அதே ஊரில், கொலையான இரண்டு பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் பிரெய்ரி கிரீன் குப்பைக்கிடங்கில் இருப்பதாகச் சொன்ன போலீஸ், தேடுவது நடைமுறையில் ஆகாது என்றும் சொல்லிவிட்டது. மாகாண அரசும் ஆபத்து என்று கைவிரித்தது. குடும்பத்தார் இன்னொரு கிடங்கின் வாசலில் கூடாரம் போட்டார்கள், சாலையை மறித்தார்கள். 2023 மாகாணத் தேர்தலில் ஆளுங்கட்சி ‘தேட மாட்டோம்’ என்பதையே விளம்பரப் பலகையில் போட்டு ஓட்டுக் கேட்டது (எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்). தோற்றது. பூர்வகுடியைச் சேர்ந்த வாப் கினூ முதல்வரானார். 2024 டிசம்பரில் குப்பையைக் கொட்டிப் பரப்பி, பல் வைத்த வாரியால் கிளறித் தேடத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சுக்குள் இருவரின் எச்சங்களும் அடையாளம் காணப்பட்டன. ஆகாது என்ற வேலைக்கு எடுத்தது சில மாதம்.

பெர்னாடெட் ஸ்மித் கினூவின் அமைச்சரவையில் இருக்கிறார். அவருடைய தங்கை இன்னும் கிடைக்கவில்லை.